அழைத்தவர் பொறுப்பு எதுவரை? வீட்டு விருந்து பற்றிய சட்டக் கேள்வி – பதில்

சென்ற இதழில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய கேள்விக்குப் பதில் எழுதியபோது, வண்டி ஓட்டியவரோடு அவருக்கு ஊற்றிக் கொடுத்துச் சாவியையும் எடுத்துக் கொடுத்து வழியனுப்பியவரும் யோசிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்குள், என் பணத்தில், என் உறவுக்கும் நட்புக்கும் விருந்து வைக்கிறேன், இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் அடிநாதம். வீட்டு விருந்தைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை. ஆனால் ஏதாவது நேர்ந்துவிட்டால், அழைத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளையும் அது விடாமல் கேட்கும். கீழே உள்ள பதில்களில் 'தெரிந்தே' என்ற சொல் அடிக்கடி வருவது அதனால்தான்.

கேள்வி: ஐயா, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தன் பிறந்த நாளை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்களுடன் கொண்டாட விரும்புகிறான். இருபத்தைந்து பேர் வருவார்கள். மதுவும் இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா?
– ஒரு தாய், மடிப்பாக்கம்

பதில்: மறைக்காமல் சொன்ன மகனும், சொன்னதைக் கேட்டுவிட்டு முன்கூட்டியே விசாரிக்கும் நீங்களும் பாதி ஆபத்தைக் கடந்துவிட்டீர்கள்.

தமிழ்நாட்டில் மது தொடர்பான அடிப்படைச் சட்டம் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அதன் பெயரே சொல்வதுபோல, தடைதான் இங்கே பொது விதி. டாஸ்மாக் கடையில் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் அந்தத் தடைக்கு அளிக்கப்பட்ட விலக்குகள். விலக்கு என்றால் அதற்கு அளவு உண்டு. உரிமம் இல்லாத தனிநபர் ஒருவர் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் நாலரை லிட்டர், அதாவது ஆறு முழுப் பாட்டில்கள் வரை வைத்திருக்கலாம். பீர் என்றால் 7.8 லிட்டர், அதாவது 650 மில்லி பாட்டில்கள் பன்னிரண்டு. ஒயின் ஒன்பது லிட்டர். இருபத்தைந்து பேருக்கு என்று மொத்தமாக வாங்கி ஒருவர் பெயரில் ஒரே அறையில் அடுக்கி வைக்கும்போதுதான் இந்த வரம்பு மீறப்படுகிறது. மீறியவருக்கு அது மீறல் என்பதே பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. கடையில் ரசீது கேட்டு வாங்கி, விருந்து முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து என்பது முக்கியம். விலை மலிவு என்று புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ காரின் பின்பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவது நம் ஊரில் ஏதோ சாமர்த்தியம்போலப் பேசப்படுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அனுமதியின்றி அதைக் கொண்டுவருவது குற்றம். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் பறிமுதலாகும். படை வீரர்களுக்கான கேன்டீனில் கிடைக்கும் மது அந்த வீரருக்கு உரியது. அதை விலைக்கு வாங்கி விருந்தில் வைப்பது அவரையும் சேர்த்துச் சிக்கலில் தள்ளும். யாரோ ஒருவர் கேனில் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கவே வாங்காதீர்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் அதைக் காய்ச்சி விற்றவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று ஆகியிருக்கிறது.

அடுத்தது பணம். நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது வேறு, ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று நுழைவுக் கட்டணம் வைத்து, 'உணவும் மதுவும் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது வேறு. இரண்டாவது, உரிமமில்லாத மது விற்பனை என்று குற்றஞ்சாட்டப்பட இடம் கொடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பங்களாக்களில் நடக்கும் விருந்துகளில் காவல்துறை நுழையும்போது பெரும்பாலும் முதலில் தேடுவது பணம் வாங்கியதற்கான தடயத்தைத்தான். உங்கள் மகனிடம் கூகுள் பே குறிப்பில் வேடிக்கையாகக்கூட 'பார்ட்டி டிக்கெட்' என்று எழுத வேண்டாம் எனச் சொல்லுங்கள்.

கடைசியாக, வயது. டாஸ்மாக் கடைகளும் மதுக்கூடங்களும் 21 வயது நிறையாதவருக்கு விற்கக்கூடாது. அதைவிடக் கடுமையானது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. 18 வயது நிறையாத ஒருவருக்கு, மருத்துவர் சொல்லாமல், மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்தவர் கடைக்காரராக இருக்க வேண்டியதில்லை. சித்தப்பாவாக இருந்தாலும் அதே பிரிவுதான். "ஒரு வாய்தானே, குடிச்சுப் பார்க்கட்டும்" என்று பீர் தம்ளரைப் பன்னிரண்டாம் வகுப்புப் பையனிடம் நீட்டும் பெரியவர்கள் நம் விருந்துகளில் சர்வசாதாரணம். மகனின் நண்பர்களோடு அவர்களுடைய தம்பி தங்கைகளும் வந்தால், அவர்களுக்குத் தனி மேசை போட்டு, அதற்குப் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் நடத்திய மணநாள் விழாவில் இரவு பதினொன்றரை வரை பாட்டுப் போட்டோம். கீழ்வீட்டுக்காரர் காவல்துறைக்குப் போன் செய்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் பாட்டுக் கேட்க நாங்கள் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: வீட்டுக்குள் பாட்டுக் கேட்க அனுமதி வேண்டாம். ஆனால் ஒலி உங்கள் சுவரைத் தாண்டியபின் அது உங்கள் வீட்டு விஷயமாக இருப்பதில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான நேரத்தை இரவு என்கின்றன. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி, இசைக் கருவி, ஒலியைப் பெருக்கும் சாதனம் எதையும் இயக்கக்கூடாது. ஒலி வெளியே போகாதபடி மூடிய அரங்கங்களுக்குள் பயன்படுத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மொட்டை மாடியும், சன்னலைத் திறந்துவைத்த கூடமும் மூடிய அரங்கம் ஆகா. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. தனியார் இடத்திலிருந்து வரும் ஒலி அதன் எல்லையில் இந்த வரம்பை ஐந்து டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் இருந்தால் விதி இன்னும் கடுமை. ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு என்றாலும், அது பண்பாட்டு, சமய விழாக்களுக்கானது. மணநாளுக்கு அது கிடைக்காது.

தண்டனையைப் பொறுத்தவரை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி பொதுத் தொல்லைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஒலி மாசு விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. 2024 ஏப்ரல் முதல் அச்சட்டத்தை மீறுவதற்குப் பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர் மீது உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள், எதிர்வீட்டு மாடியில் பிறந்த நாள் கொண்டாட்டம். பாட்டு எங்களுக்குக் கேட்கவே இல்லை. 'தும் தும்' என்ற அதிர்வு மட்டும் கட்டில் காலில் ஏறி வந்தது. மாத்திரை வைத்திருந்த எவர்சில்வர் தட்டு மேசையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர், ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அவர்களுக்கு இது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே அடுத்த விழாவில் ஒன்பதரை மணிக்கு நீங்களே ஒரு முறை கீழே இறங்கி, அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள். காவலர் வந்தால் வாசலிலேயே நின்று வாதாடாமல் ஒலியை நிறுத்திவிடுங்கள்; பெரும்பாலான புகார்கள் அத்தோடு முடிந்துவிடும்.

கேள்வி: கோவையில் என் வீட்டில் நடந்த விருந்துக்கு வந்த என் மைத்துனர், இரவு திரும்பிப் போகும்போது பைக்கிலிருந்து விழுந்து, நடந்து போன ஒருவரையும் காயப்படுத்திவிட்டார். எங்கே குடித்தாய் என்று கேட்ட காவல்துறையிடம் என் வீட்டு முகவரியைச் சொல்லியிருக்கிறார். என் மீதும் வழக்கு வருமா? அவர் வயதில் மூத்தவர். குடிக்காதீர்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?
– ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: உங்களுக்கு நிம்மதி தரும் பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தவருக்கு மது கொடுத்தீர்கள், அவர் பிறகு விபத்து செய்தார் என்ற காரணத்துக்காக மட்டும், கொடுத்தவரைக் குற்றவாளியாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. குடித்துவிட்டு ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்கீழ் அவரே பதில் சொல்ல வேண்டும். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இரண்டாம் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது பதினைந்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

கவலை தரும் பகுதி அதே சட்டத்தின் 188-ஆம் பிரிவு. 185-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் ஓட்டியவருக்கான தண்டனையே உண்டு என்கிறது அது. உடந்தை என்பது தூண்டுவதாகவோ, கூடிச் சதி செய்வதாகவோ, அறிந்தே உதவுவதாகவோ இருக்கலாம். மது ஊற்றிக் கொடுத்ததால் மட்டும் வண்டி ஓட்ட உதவியதாக ஆகாது. ஆனால் கால் தள்ளாடி நிற்பவரிடம் "மச்சான், மெதுவா போங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தால், வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து கொடுத்தால், அல்லது அவர் வண்டி பங்க்சர் என்று உங்கள் வண்டியையே கொடுத்து அனுப்பியிருந்தால், உதவி என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்துவிடுகிறீர்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில், குடித்துவிட்டு ஓட்டுபவரோடு தெரிந்தே பயணம் செய்பவர் குடிக்காதவராக இருந்தாலும் அவர் மீதும் இதே பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்து அபராதமும் விதித்தது. பின்னால் உட்கார்ந்தவருக்கே அந்த நிலை என்றால் சாவி கொடுத்தவர் தப்பிவிடுவார் என்று என்னால் உறுதி கூற முடியாது.

வண்டி உங்களுடையது என்றால் இன்னொரு சுமையும் சேரும். காயமடைந்தவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. உங்கள் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கும், ஓட்டியவர் போதையில் இருந்தார் என்றால் காப்பீடு கிடைக்காது. பதினெட்டு வயது நிறையாத பையனை "பெரியப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று வண்டி கொடுத்து அனுப்புவது இதைவிடப் பெரிய தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தும், அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் மறுப்பும் ஒருசேர வரும்.

உங்கள் விஷயத்தில், காவல்துறை விசாரணைக்கு அழைத்தால் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் என் வீட்டுக்கே வரவில்லை என்று பொய் சொன்னால், இப்போது இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது. குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டாம். விருந்து தொடங்கும் முன்பே, "மாமா, இன்னிக்கு ராத்திரி இங்கேதான் படுக்கணும், பாய் தலையணை எல்லாம் எடுத்துப் போட்டாச்சு" என்று சொல்லிவிடுங்கள். வந்தவர்களின் சாவிகளையெல்லாம் வாசலிலேயே ஒரு தட்டில் வாங்கி, குடிக்காத அத்தையிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். அழைப்பு அனுப்பும்போதே கால் டாக்சிக்கு நம் செலவு என்று சொல்லிவிடுங்கள். முதல் தம்ளருக்கு முன்னால் சொன்னால் அது உபசாரம். நாலாவது தம்ளருக்குப் பிறகு சொன்னால் அதையே அவமானம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: புதுமனை புகுவிழாவுக்கு மாடியில் சீரியல் செட் போட்டிருந்தோம். மழை தூறியது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஷாக் அடித்து, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பொறுப்பு எங்களுடையதா, மின் அலங்காரம் செய்தவருடையதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குழந்தை பிழைத்தது என்று படித்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. உயிர் போகாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் செயலுக்கும் அதனால் காயம் ஏற்படுவதற்கும் 125-ஆம் பிரிவு தண்டனை தருகிறது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டதால் வீட்டுக்காரர் முழுவதும் விடுபடுவதில்லை. வயர் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்து செம்புக் கம்பி தெரிகிறது, அது கைப்பிடிச் சுவரின் இரும்புக் குழாயில் சுற்றியிருக்கிறது, தரை நனைந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகும் "போட்டவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டிருந்தால், ஆபத்து தெரிந்தே அலட்சியமாக இருந்தார் என்று வாதிட அதுவே போதும். பார்க்க முடியாத குறை என்றால் பொறுப்பு போட்டவர் பக்கம் சாயும். குற்றவியல் வழக்கு தவிர, இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் தனியாக வரலாம்.

தூறல் விழுந்ததும் மெயினை அணைக்க ஒரு நொடிதான் ஆகும். மாடிக்கான இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே துண்டிக்கும் டிரிப் ஸ்விட்ச் வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உயரம் குறைந்த கைப்பிடிச் சுவர், மூடாத தண்ணீர்த் தொட்டி, வாடகைக்கு எடுத்த பங்களாவின் நீச்சல் குளம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். குளத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: மது பரிமாறும் இரவில் அதைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: விருந்துக்கு வந்த ஒருவர் பால்கனியில் கஞ்சா புகைப்பதைப் பார்த்துவிட்டேன். கண்டும் காணாததுபோல இருந்துவிட்டேன். தவறா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: ஆம், தவறுதான், வாசகர்கள் கேட்டவற்றில் மிக ஆபத்தானதும் இதுதான். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் வீட்டையோ அறையையோ வாகனத்தையோ இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விடுபவருக்கு, அந்தக் குற்றத்துக்கான தண்டனையையே விதிக்கிறது. நீங்கள் தொடாமல் இருந்தது உங்களைக் காப்பாற்றாது. பார்க்காமல் இருந்திருந்தால்தான் காப்பாற்றும், பார்த்துவிட்டீர்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு என்று சட்டம் கருதுகிறது, அதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தண்டனை குறைவாகத் தெரிந்தாலும், வழக்கு பதிவானாலே பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும்போது ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

பார்த்த உடனே அவரை, அவர் கொண்டுவந்ததோடு, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லுங்கள். பிறகு தருகிறேன் என்று அதை வாங்கி உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். வைத்த கணத்திலிருந்து அது உங்கள் வசமுள்ள பொருள். போக மறுத்தால் காவல்துறையை அழைப்பது உங்களுக்கு எதிரான செயல் அல்ல, உங்களுக்கான சாட்சியம். காவல்துறை சோதனைக்கு வந்தால், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டம். உடலைச் சோதிக்கும் முன், குற்றவியல் நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண்களை மாலை இருட்டிய பின்பும் விடிவதற்கு முன்பும், விதிவிலக்கான சூழலில் நடுவரின் முன் அனுமதியோடு பெண் காவலர் வந்தாலன்றிக் கைதுசெய்யக்கூடாது.

கேள்வி: தீபாவளி இரவில் சொந்தக்காரர்கள் கூடிச் சீட்டு ஆடுவது சூதாட்டக் குற்றமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இலேயே சொல்லிவிட்டது; மூன்று சீட்டு ஆட்டம் முழுவதும் அதிர்ஷ்டம் சார்ந்தது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் முக்கியமாகக் குறிவைப்பது சூதாட்ட விடுதி நடத்துபவரை, அதாவது இடம் கொடுத்து அதில் ஆதாயம் பார்ப்பவரை. ஆகவே 'உள்ளே வெளியே' ஆட வெளியாட்களைச் சேர்த்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால் அவருடைய வீடே விடுதியாகிவிடும். புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் நண்பர்களை அழைத்துச் சாப்பிட்டோம். வீட்டு உரிமையாளர் மறுநாள் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு வாரத்தில் காலிசெய்யச் சொல்கிறார்.
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் மீது அவருக்குக் குறை இருந்தாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அத்தியாவசியச் சேவைகளைத் துண்டிப்பதைத் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து உடனடியாகத் திரும்பப் பெறலாம். ஒரு நாள் நண்பர்கள் வந்து சாப்பிட்டது வெளியேற்றக் காரணம் ஆகாது. ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரும் வகையிலோ சட்டவிரோதமாகவோ வீட்டைப் பயன்படுத்தி, நிறுத்தச் சொல்லி அறிவிப்புக் கொடுத்த பிறகும் தொடர்ந்தால் அது வெளியேற்றக் காரணம். உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் மேலாளர் தம் வீட்டில் அணியினருக்கு விருந்து வைத்தார். அங்கே சக ஊழியர் ஒருவர் என்னிடம் வரம்பு மீறி நடந்ததோடு, நான் அறியாமல் படமும் எடுத்திருக்கிறார். அலுவலகத்தில் கேட்டால், அது தனிப்பட்ட விருந்து என்கிறார்கள்.
– ஒரு வாசகி

பதில்: தங்கையே, அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, வேலை தொடர்பாக ஊழியர் செல்லும் எந்த இடத்தையும் பணியிடம் என்கிறது. குடியிருப்பு வீட்டையும் அந்த வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. மேலாளர் அழைத்து, அணி முழுவதும் சென்ற விருந்து இதற்குள் வரும் என்பதே என் கருத்து. நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், இத்தகைய புகார்களுக்காக நிறுவனத்துக்குள் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்; தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். காவல் நிலையத்தில் தனியாகப் புகார் அளிக்க இது தடையில்லை. அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணை அவர் அறியாமல் படமெடுப்பதும் பரப்புவதும் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விருந்து வைத்த மேலாளருக்கு இது சொல்லப்பட்டிருந்தால், எந்த நாளில், எந்த வழியில் சொன்னீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். இங்கே விருந்தினர் செய்யும் விபத்துக்கு வீட்டுக்காரரே கோடிக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு குடும்பம், ஸ்கார்பரோ

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது எல்லைக்கு அப்பால் உள்ள சட்டமாக இருக்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1984-இல், விருந்தினர் போதையில் இருப்பதும் அவர் வண்டி ஓட்டப்போவதும் தெரிந்தே தொடர்ந்து ஊற்றிக் கொடுத்தவர், விபத்தில் காயமடைந்த மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2006-இல் எதிர்த் திசையில் சென்றது. ஒட்டாவாவில் அவரவர் மதுவை அவரவரே கொண்டுவந்த புத்தாண்டு விருந்திலிருந்து கிளம்பிய ஒருவர் ஏற்படுத்திய விபத்தில் பதினெட்டு வயதுப் பெண் நடக்கும் திறனை இழந்தார். அப்போதும், வீட்டில் விருந்து வைத்தவருக்குச் சாலையில் செல்லும் மூன்றாம் நபர் மீது பொதுவான கடமை இல்லை என்று அந்த நீதிமன்றம் கூறியது. ஆனால் ஆபத்தை விருந்து வைத்தவரே உருவாக்கினாலோ பெரிதாக்கினாலோ நிலைமை மாறலாம் என்ற கதவை அது மூடவில்லை. ஒன்டாரியோவில் உங்கள் வளவுக்குள் வருபவரின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்கும் கடமை தனிச் சட்டப்படி உங்களுக்கு உண்டு; பனி உறைந்த படியில் விருந்தாளி வழுக்கி விழுந்தால் அது அந்தச் சட்டத்தில் வரும். அங்கே மதுவுக்கான வயது 19. பெற்றோர் தம் பிள்ளைக்கு வீட்டில் கொடுக்கலாம் என்ற விலக்கு, உங்கள் பிள்ளையின் நண்பர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் வீட்டு விருந்தில் ஒருவர் அதிகமாகக் குடித்து நினைவிழந்துவிட்டார். 108-ஐ அழைத்தால் போலீஸ் வரும், வழக்காகும் என்று பயந்து, தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். செய்தது சரியா என்று தூக்கம் வரவில்லை.
– ஒரு தம்பதி, சேலம்

பதில்: அந்த ஒரு மணி நேரம்தான், வழக்கு என்று ஒன்று வந்திருந்தால், உங்களுக்கு எதிராக நின்றிருக்கும். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது வழக்கமான நடைமுறை. அது உங்கள் மீதான குற்றச்சாட்டு அல்ல. வயது வந்த ஒருவர் தானாகவே குடித்தார், மயங்கினார், உடனே உதவிக்கு அழைத்தீர்கள் என்றால் உங்களிடம் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? மயங்கியது தெரிந்தும் மறைப்பதற்காகத் தாமதித்து, அவர் உயிர் போயிருந்தால், அந்தத் தாமதத்தைத்தான் கவனக்குறைவால் மரணம் என்ற 106-ஆம் பிரிவின்கீழ் அரசு வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவார்.

எழுப்பினால் எழாதவர், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருபவர், உதடு நீலம் பாரித்தவர் யாராக இருந்தாலும் உடனே 108. வரும்வரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடக்கூடாது. மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் என்ன குடித்தார், எத்தனை மணிக்குத் தொடங்கினார், கூடவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்பதை ஒளிக்காமல் சொல்லி, பாட்டிலையும் அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.